அம்மாவின் போனில் கம்பெனிச் சாமான்

கட்டாரிலிருந்து தங்கச்சி கோல் எடுத்து மூக்கைச் சிந்தினாள். அவளுக்குக் குழந்தை பிறந்து அன்று ஐந்தாம் நாள். உட்கார்ந்து எழும்பவே முடியாத உடம்பு, அதில் இந்த அழுகை வேறு.

"அம்மா எம்புள்ளய சரியாவே பாக்கல அக்கா."

"என்னடி ஒளர்ற?"

"வீடியோ அனுப்பினேன்ல. எப்பிடிம்மா இருக்கா புள்ளன்னு கேட்டா, நல்லா இருக்கா, முடிதான் இல்ல, போகப் போக வளரும், நீ கவலப்படாதங்கறாங்க. தல நெறய முடி அக்கா! ஆஸ்பத்திரியில வாறவங்க போறவங்க எல்லாம் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க. முடியே இல்லையாம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீடியோ எனக்கும் வந்திருந்தது. பிறந்த பிள்ளைக்கு அவ்வளவு முடியை நான் கண்டதேயில்லை. சீப்பை எடுத்து வகிடு பிரித்து வாரிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் முடி இல்லை என்று சொன்னால், ஒன்று கண் தெரியவில்லை, இல்லாவிட்டால் பார்க்கவேயில்லை. அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். என் சட்டையில் ஒரு தையல் பிரிந்திருந்தால் வாசலில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள்.

தங்கச்சியைச் சமாதானப்படுத்திவிட்டு அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அம்மா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறாள். இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். அங்கே சிக்னல் குரலுக்கு மட்டும்தான் போதும். வீடியோ கோல் எடுத்தால் ஆளின் மூக்கு ஒரு இடத்திலும் வாய் ஒரு இடத்திலும் நின்றுவிடும், அப்புறம் கட்டாகும். அதனால்தான் தங்கச்சி குழந்தையை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

"புள்ளய பாத்தியாம்மா?"

"பாத்தேனே. அழகா இருக்கா."

"என்ன கலர் துணியில சுத்தியிருந்தாங்க?"

"வெள்ளதானே," என்றாள்.

"மஞ்சள்மா."

திருடிப் பிடிபட்ட சின்னப்பிள்ளைபோலச் சொன்னாள். "போன்ல எடம் இல்ல புள்ள. அமுக்குனா அது சுத்திக்கிட்டே இருக்கு. எடம் இல்ல எடம் இல்லன்னுதான் காட்டுது. அவ ஆசையா கேக்குறா, பாக்கலன்னு எப்பிடிச் சொல்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் என்று சொல்கிறேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் பத்து வருஷமாக வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது, எல்லாம் என் தலையில்தான். இப்போது அதையெல்லாம்விட அதிகமாக வருவது இந்த ஒரு கேஸ்தான்: போன் நெறஞ்சு போச்சு, ஒண்ணும் வரமாட்டேங்குது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றிக்கொண்டு வரும் லொறிக்காரர் முதல் ஸ்கூல் டீச்சர் வரைக்கும் போனை நீட்டுகிறார்கள். நான் முதலில் செய்வது போன் வாங்கும்போதே உள்ளே வந்து குந்தியிருக்கிற சாமான்களைக் கழற்றுவது. இரண்டு மூன்று கேம், எந்த நாட்டுச் செய்தியோ காட்டுகிற ஒன்று, சாமான் வாங்கச் சொல்லித் தொல்லைபடுத்துகிற ஒன்று. ஒரு நாளும் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவை பாட்டுக்கு மாதாமாதம் தங்களைப் புதுப்பித்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருக்கும். ஊரார் போனையெல்லாம் கழுவித் துடைத்துக் கொடுக்கிற எனக்கு, பெற்ற தாயின் போன் நிறைந்த சங்கதி தெரியாது.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா கத்துவ."

கத்தித்தான் சொன்னேன், நான் எங்கே கத்துகிறேன் என்று.

அடுத்த பௌர்ணமிப் போயாவுக்குக் கடை லீவு. காலை பஸ்ஸில் பசறை வழியாக ஏறிப் போனேன். கையில் ஒரு பை மாலு பணிஸ், உள்ளே மீன் வைத்துச் சுட்டது. அம்மாவுக்கு அது உயிர், ஆனால் யார் கேட்டாலும் சும்மா புள்ளைக்காகத் தின்கிறேன் என்பாள். அன்று அவளுக்கும் வேலையில்லை. நான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஏற்றம் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது, ரொட்டியும் சம்பலும் தயாராக இருந்தன. போன் எங்கே என்றேன். முதலில் சாப்பிடு என்றாள். போனைக் கொண்டா என்றேன். பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் தந்தாள். அவ்வளவு பத்திரம்.

படங்கள் இருக்கிற இடத்தைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது. நானூறு படத்துக்குக் குறையாமல் இருந்த போன் அது. தங்கச்சி கல்யாணம், மாரியம்மன் கோயில் திருவிழா, நான் பதுளையிலிருந்து அனுப்பிய தலைகால் தெரியாத படங்கள், அப்பா உயிரோடு இருந்தபோது நாங்கள் எடுத்தவை. ஒன்றுமில்லை. கடைசியில் ஒரே ஒரு வீடியோ மட்டும் தனியாகக் கிடந்தது.

அந்தப் பக்கம் திருப்பினால் கார் ரேஸ் கேம் இருக்கிறது. கலர் பந்து உடைக்கிற கேம் இருக்கிறது. இங்கிலீஷ் செய்தி இருக்கிறது. பங்குச்சந்தை விலை காட்டுகிற ஒன்றுகூட இருக்கிறது! தினம் காலையில் மலையேறிக் கொழுந்து பறிக்கிற என் அம்மாவின் போனில் பங்குச்சந்தை.

"போட்டோ எல்லாம் எங்கம்மா?"

"அழிச்சேன். எடம் வேணும்ல."

"இந்தக் கார் கேம நீ வெளையாடுறியா?"

"நானா? போடி."

"இங்கிலீஷ் நியூஸ் வாசிக்கிறியா?"

"என்ன புள்ள கேக்குற?"

"அப்ப அத வச்சிக்கிட்டு தங்கச்சி கல்யாண போட்டோவ எதுக்கு அழிச்ச? ஒனக்கு மூள கீள இருக்கா இல்லையா?"

அம்மா கோபப்படவில்லை. எனக்குத்தான் ஒரு சாதாரண விஷயம் விளங்கவில்லை என்பதுபோலப் பார்த்தாள்.

"அதெல்லாம் போனோட வந்தது புள்ள. கம்பெனிச் சாமான். அதுல போய் நாம கை வைக்கலாமா? எடம் பத்தலன்னா நம்ம சாமானத்தான எடுக்கணும்."

வாயில் வந்த அடுத்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு எட்டு. ஒரே காம்பரா. அதற்குள் அடுப்பு, படுக்கை, துணி எல்லாம். பரீட்சைக்குப் படிக்க எனக்கு இடமில்லை என்று அப்பா லயத்து முன்பக்கம் நாலு தகரத்தை அடித்து ஒரு மறைப்புக் கட்டினார். உள்ளே ஒரு பழைய மேசை. எனக்கு அது அரண்மனை. பதினைந்து நாள் இருந்தது. பிறகு தோட்டத்து ஒபிஸிலிருந்து ஆள் வந்து, யாரைக் கேட்டு அடித்தாய் என்று அப்பாவைக் கேட்டார்கள். சுவர் தோட்டத்துச் சுவர், கூரை தோட்டத்துக் கூரை, நிலத்தில் ஒவ்வொரு சாணும் தோட்டத்துடையது. அப்பா மறுபேச்சுப் பேசாமல் அன்றைக்கே தகரத்தைப் பிடுங்கினார். மேசையை உள்ளே கொண்டுவந்தால் படுக்க இடமில்லை. அம்மா அதை யாருக்கோ கொடுத்துவிட்டாள். உள்ளே ஒரு மூலையில் உடைந்துபோன இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. எங்களுக்கு முன்னால் எந்தக் காலத்திலோ தோட்டம் வைத்தது. கதவு திறக்காது, ஒன்றும் வைக்க முடியாது, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதை வெளியே போட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது தோட்டத்துச் சாமான். இடம் பற்றாவிட்டால் போவது நம்முடையதுதான்.

நான் பதுளைக்கு வந்து வாடகை அறையில் இஷ்டத்துக்கு ஆணியடித்துப் பழகிவிட்டேன். அம்மா இன்னும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறாள். புதுப் போனைத் திறந்ததும் உள்ளே ஏற்கெனவே சாமான் இருந்தால், அவள் வேறு என்ன நினைப்பாள்?

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த அந்த ஒரு வீடியோவைக் காட்டி, "இத மட்டும் ஏன் வச்சிருக்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும், அது அப்பா.

அவர் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் நான் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பியது. மூன்று நிமிஷத்துக்குமேல் ஓடும். லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருப்பார். விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் குரல் இருக்கிற ஒரே வீடியோ அதுதான். மற்றதெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ.

"அதத்தான் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "அதுதான் பெருசாம். பக்கத்துக் காம்பரா புள்ள பாத்துச் சொன்னா, அத எடுத்தா பாப்பா வீடியோ வந்துரும்னு. சரி, எடுக்குறதுக்கு முன்ன நல்லா பாத்துக்குவோம்னு தெனம் காலையில வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குப் போக முந்தி ஒருக்கா போட்டுப் பாக்குறேன். இப்ப பாடமாயிருச்சு. இனி எடுத்தாலும் பரவாயில்ல."

"என்ன பாடமாயிருச்சு?"

அம்மா சொன்னாள். அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வீடியோவில் அப்பா பேசுவதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒப்புவித்தாள். "இங்க என்ன படமா ஓடுது? சும்மா நிக்காம அந்தக் கயித்தப் புடி. அதில்ல, அந்தா அது." அப்பா நடுவில் இருமுகிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். கயிறு கைநழுவும்போது அவர் சொல்கிற கெட்ட வார்த்தையையும் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அதோட ஒம்போன்ல இருக்குல்ல," என்றாள். "அந்த தைரியந்தான். எல்லாமே ஒங்கிட்ட இருக்குதானே, எடுத்ததே நீதானே. பாக்கணும்போல இருந்தா நீ வரும்போது போட்டுக் காட்டுவ."

என் போனில் அது இல்லை.

போன வருஷம் என் போன் நிறைந்தபோது நானே அழித்தேன். கடையில் கூட்டம், ஏதோ ஒன்றை அவசரமாக இறக்க வேண்டும், பெரிய பெரிய வீடியோக்களாகப் பார்த்துத் தட்டிவிட்டேன். அம்மாவிடம் இருக்கிறதுதானே என்று அப்போது நினைத்தேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் அப்பாவின் குரல் இந்த உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது. அம்மா நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"இங்க வா, பக்கத்துல உக்காரு," என்றேன். "கம்பெனிச் சாமான எடுப்போம்."

"வேணாம் புள்ள. போன் நின்னுரும்."

"நிக்காது. நான் தெனம் செய்ற வேல இது."

"அவங்க கேட்டா?"

"யாரு கேப்பா?"

"கம்பெனி."

"கேட்டா எம்பேரச் சொல்லு."

முதலில் கார் ரேஸை அழுத்திப் பிடித்து, அகற்று என்பதைத் தட்டினேன். அது மறைந்தது. அம்மா சட்டென்று போனை வாங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சம் எரிகிறதா, சூடாகிறதா, எனக்கு ஒரு கோல் எடுத்தால் போகிறதா என்று சோதித்தாள். பக்கத்தில் கிடந்த என் போன் அடித்தது. "அட, ஒண்ணும் ஆகல," என்றாள்.

"நான் சொன்னேன்ல."

"சரி, இன்னொண்ணு எடு."

பந்து உடைக்கிறது போனது. செய்தி போனது. நாலாவதை அவளே அழுத்திப் பிடித்தாள். விரலில் கொழுந்துக் கறை ஏறிக் காய்த்திருப்பதால் கண்ணாடி அவள் தொடுவதை லேசில் உணராது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். போனதும் சின்னதாக "போ" என்றாள். அதற்குப் பிறகு நான் ஓரமாக உட்கார்ந்து மாலு பணிஸ் தின்றதுதான் மிச்சம். இது என்ன, இது எதுக்கு, இத நான் தொட்டதே இல்லையே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தள்ளினாள். பங்குச்சந்தையைக் காட்டி இது என்ன என்றாள். பணக்காரங்க பாக்குறது என்றேன். "அவங்களுக்கு வேற போன் இல்லையாமா?" என்று அதையும் எடுத்துப் போட்டாள். குஷி என்றால் அப்படி ஒரு குஷி. நான் தடுக்காவிட்டால் கோல் எடுக்கிற பட்டனையும் பிடுங்கியிருப்பாள்.

இரண்டு மட்டும் போகவில்லை. எத்தனை தரம் அழுத்தினாலும் அகற்று என்ற சொல்லே வரவில்லை. அதை முடக்கத்தான் முடியும், அடியோடு எடுக்க முடியாது என்று சொன்னேன். "பாத்தியா," என்று தலையை ஆட்டினாள். "கம்பெனின்னா கம்பெனிதான்."

பிறகு படம் இருக்கிற இடத்தின் குப்பைக் கூடையைத் திறந்து காட்டினேன். ஒரு மாசத்துக்குள் அழித்தவை அங்கேதான் கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டு. அதனால்தான் அவள் எவ்வளவு அழித்தும் இடம் வரவில்லை. முப்பத்தொரு படம் இருந்தது. எல்லாவற்றையும் மீட்டேன். தங்கச்சி கல்யாணம் அதில் இல்லை, அது முன்னாலேயே போய்விட்டது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கோயிலில் நிற்கிற படம் ஒன்று திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்து, "இந்த சீலைய எங்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கிளறிவிட்டு வந்தாள்.

கடைசியாகக் குழந்தையின் வீடியோவைத் தட்டினோம். வட்டம் சுற்றியது. சிக்னல் வேறு இழுத்துக்கொண்டிருந்தது. அரை வழியில் நின்று, மறுபடியும் ஓடி, ஒருவழியாக வந்துவிட்டது.

மஞ்சள் துணிக்குள் குழந்தை கொட்டாவி விட்டது. அவ்வளவுதான் வீடியோ. முடிந்ததும் அம்மா மறுபடியும் போட்டாள். மறுபடியும். நாலாம் தரம்தான் வாய் திறந்தாள். "ஐயோ, முடியப் பாரு! எந்தங்கம், எங்கண்ணு, ஒனக்கு முடி இல்லன்னு சொல்லிட்டேனே." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, வாய் சிரித்தது. உடனே தங்கச்சிக்குக் குரல் பதிவு செய்து அனுப்பினாள். மன்னிச்சிக்க புள்ள, அன்னைக்கு நான் பொய் சொன்னேன், இன்னைக்குத்தான் பாக்குறேன், ஒம்மகளுக்கு முடி நெறய இருக்கு, எண்ண வச்சு விடு. அதை அவள் சொன்ன சத்தத்துக்குப் போனே தேவையில்லை, நேராகவே கட்டாருக்குக் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து போனைத் துணியால் சுற்றப்போனவள், நிறுத்தினாள். "இப்ப ஒங்கப்பாவ எடுக்க வேணாம்தானே?"

"வேணாம்மா. எடம் எக்கச்சக்கமா இருக்கு."

"இல்ல, எடுத்தாலும் ஒண்ணுமில்ல. ஒங்கிட்ட இருக்கு."

இன்றைக்கு நான் தலையாட்டிவிட்டுப் போனால், நாளைக்கு மறுபடியும் போன் நிறையும்போது அந்தத் தைரியத்தில் அவள் தட்டிவிடுவாள். இதற்குமேல் மறைக்க முடியாது.

"எங்கிட்ட இல்லம்மா," என்றேன். "போன வருஷமே அழிச்சிட்டேன்."

அவளுக்குத் திட்ட எல்லா நியாயமும் இருந்தது. காலையில் நான் கத்திய கத்துக்கு அவள் இரண்டு மடங்கு கத்தியிருக்கலாம். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ஏன் புள்ள?"

"எடம் பத்தலம்மா."

"எத வைக்கிறதுக்கு?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அந்த அவசரம் நினைவிருந்தது, கடையில் நின்ற கூட்டம் நினைவிருந்தது. எதற்காக அந்த இடத்தை உண்டாக்கினேன் என்பது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலம்மா," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். முப்பத்தாறு வயதில், ரொட்டித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து.

அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி விடு. எப்பிடி அனுப்புறதுன்னு சொல்லு," என்றாள். நானே அனுப்புகிறேன் என்று கை நீட்டினேன், போனைத் தரவில்லை. தானே முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அப்பாவைத் தொட்டு, என் பெயரைத் தேடி, அம்பை அமுக்கினாள். மூன்று நிமிஷ வீடியோ எங்கள் லயத்து சிக்னலில் போய்ச் சேர அரைமணி நேரம் எடுத்தது. இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தோம். அதுவரைக்கும் அவளும் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை.

"வந்துருச்சும்மா."

"போட்டுக் காட்டு."

என் போனில் அப்பாவின் குரல் கேட்டது. அம்மா தன் போனை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரைக்கும், பாடமான ஒரு வார்த்தையைக்கூடச் சேர்ந்து சொல்லாமல் கேட்டாள்.